அதே சத்தத்தில் ஒரு என்ஜின்

என் அத்தான் ஓட்டும் வேனைப் பற்றித் தெருவில் யாரைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன் காதைப் பொத்திக் காட்டுவார்கள். அப்படி ஒரு சத்தம். நின்ற இடத்தில் ஓடும்போது 'டொக்' என்று பெரிதாக ஒன்று, கொஞ்சம் இடைவெளி, பிறகு 'டொக் டொக்' என்று சின்னதாக இரண்டு. யாரையோ உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது போலவும், அந்த ஆள் விடாமல் கதவைத் தட்டுவது போலவும் இருக்கும். சலவைக்கூடத்தில் வெளுத்த படுக்கை விரிப்புகளை ஆஸ்பத்திரிகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே கிடக்கும் அழுக்கு மூட்டைகளை அள்ளிக்கொண்டு வருவது அத்தானின் தொழில். காலையில் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் அலாரம் தேவையில்லை.

அந்தச் சத்தத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு ரசிகை இருந்தாள். அக்காவின் பெண், எனக்கு மருமகள். முப்பதை நெருங்குகிறாள், ஆனாலும் எல்லோருக்கும் பாப்பாதான். அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள். அக்கா எல்லாப் பெயரையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். பாப்பாவுக்கு எதுவும் மாறக் கூடாது. அதே தட்டு, அதே போர்வை, அதே மூலை. ஒருமுறை வாசல் மிதியடி நைந்துபோயிற்று என்று அக்கா புதிதாக ஒன்றைப் போட்டாள். பாப்பா அதைத் தாண்டி வரமாட்டேன் என்று நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் குப்பைத் தொட்டியைக் கிளறிப் பழையதை எடுத்து வந்தேன். அன்றைக்கு என் சட்டை பட்ட பாட்டை இப்போது சொல்ல வேண்டாம்.

அவளுக்கு வீட்டில் ஒரு உத்தியோகம் உண்டு. சாயங்காலம் கேட் திறப்பது. வேன் தெருமுனைக்கு வரும் முன்பே, எங்கள் யார் காதிலும் எதுவும் விழாதபோதே, அவள் எழுந்துவிடுவாள். தாழ்ப்பாளை இழுத்து, இரண்டு கதவையும் அகலத் திறந்து, சுவரோடு ஒட்டி நிற்பாள். வண்டி உள்ளே போனதும் சாத்தித் தாழ்போட்டுவிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்த வேளைச் சாப்பாடு அவளுக்கு அப்பா வந்தால்தான் இறங்கும். நான் அவளை 'வாட்ச்மேன்' என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் லீவே போடாமல் வேலை பார்த்த ஒரே ஆள் அவள்தான். அத்தானும் அந்தத் தாழ்ப்பாளில் கை வைத்ததே கிடையாது. அது அவளுடைய இலாகா என்பார்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், எனக்கு வாய்த்த மூன்று பேரைக் கட்டி மேய்க்கவே நேரம் போதவில்லை என்று சொல்லிவிடுவேன்.

அப்படியிருக்கும்போது ஒரு மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. அத்தான். குரலைக் கேட்டதும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன்.

"மாப்ள, வண்டி நின்னுடுச்சு" என்றார். "பாலத்து மேல. கடைசியா ஒரு சத்தம் போட்டுச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல."

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் மெக்கானிக்கம்மாவின் பட்டறையில் விட்டோம். விரிப்பு மூட்டைகளைச் சலவைக்கூடத்தின் இன்னொரு வண்டி ஏற்றிக்கொண்டு போனது. அத்தான் பஸ்ஸில் வீடு திரும்பினார்.

பாப்பா கேட்டுக்கு உள்ளே தன் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "அம்மாடி, அப்பா வந்துட்டேன்" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவருடைய தோளுக்கு மேலாகத் தெருமுனையைப் பார்த்தாள். அக்கா வந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். பாப்பா அந்தக் கையைப் பிடித்து, கோபமே இல்லாமல், மெதுவாக எடுத்து விட்டாள். அப்பா இன்னும் வரவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று சொல்வது போல இருந்தது. கடைசியில் அத்தான் பக்கவாட்டில் இருக்கும் என் மாடிப்படி வழியாகத்தான் தன் வீட்டுக்குள் போனார். பாப்பாவின் தட்டு வைத்தபடி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஊட்டப் பார்த்தார். அவள் வாயைத் திறக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். காலையில் ஏதோ கொறிப்பாள், மத்தியானம் இரண்டு வாய். சாயங்காலமானால் முக்காலி. அவள் கன்னம் ஒட்டிப்போவதைப் பார்த்து அக்கா அழக்கூட இல்லை. பாத்திரங்களைத்தான் கொஞ்சம் ஓங்கி வைத்தாள்.

மெக்கானிக்கம்மாவுக்கு என்ஜின்களோடு மல்லுக்கட்டியே பாதிக் காது போய்விட்டது. அதனால் ஊருக்கே கேட்கும்படிதான் பேசுவாள். அவள் பட்டறையில் ரகசியம் தங்காது. என்ஜினின் மேல்மூடியைக் கழற்றி எங்களுக்குக் காட்டினாள். ஒரு பெல்ட் அறுந்திருக்கிறது, அதனால் வால்வுகள் வளைந்திருக்கின்றன, அதில் ஒன்று உடைந்துபோய் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிட்டது. இதை ரிப்பேர் செய்வதும் செத்தவனுக்கு வைத்தியம் பார்ப்பதும் ஒன்று என்றாள். புது என்ஜின் என்றால் அந்த விலையில் பாதி வண்டி வாங்கலாம். அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய என்ஜின் நல்லதாகக் கிடைத்தால் பொருத்தித் தருகிறேன், எதுவானாலும் நான் கை வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள் என்றாள்.

அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அதே சத்தம் வர்ற மாதிரி கிடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

அவள் தன் காதுதான் மோசம் செய்கிறது என்று நினைத்து, என்ன என்று இரண்டு தடவை கேட்டாள். நான் விஷயத்தைக் கத்திச் சொன்னேன். பட்டறையில் ஸ்பானர் சத்தமெல்லாம் நின்றுபோனது. அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, தேடிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

தேடுவதற்கு முன் நான் என் புத்தியைக் காட்டினேன். எப்போதோ கிண்டலுக்காக அந்த வேனை என் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், சத்தத்தோடு. சாயங்காலம் தெருமுனையில் நின்றுகொண்டு, அதை ஒரு ஸ்பீக்கரில் போட்டு முழு சத்தத்தில் ஓடவிட்டேன். பாப்பா துள்ளி எழுந்தாள். ஓடிவந்து தாழ்ப்பாளைப் பாதி இழுத்தாள். நானும் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பாதியில் அவள் கை நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். தாழ்ப்பாளைத் திரும்பத் தள்ளினாள். ஸ்பீக்கரும் கையுமாக அசடு வழிய வந்த என்னிடமிருந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி, போனை வாங்கி முக்காலிக்கு அடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். போன் கேட்டுச் சண்டை போட எனக்கு முகமில்லை. அவளை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம் என்று நினைத்த என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுகளாக ஏறி இறங்கினோம். தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பிரித்த என்ஜின்களைப் பழைய டயர்கள் மேல் உட்காரவைத்து, ஓட்டைகளில் துணியை அடைத்து வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரு பேட்டரியையும் ஒரு கேன் டீசலையும் கொண்டுவந்து, நம் எதிரிலேயே ஓட்டிக் காட்டுவார்கள். வாங்க வருகிறவர்கள் எவ்வளவு தூரம் ஓடியது, ஆயில் குடிக்குமா, புகை தள்ளுமா என்று கேட்பார்கள். அத்தான் எதையும் கேட்கமாட்டார். கச்சேரிக்கு வந்தவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு தலையை ஆட்டுவார், வேண்டாம் என்று.

ஒரு யார்டில், பின்பக்கம் இடிபட்ட வேன் ஒன்றின் என்ஜினைக் காட்டினார்கள். முன்பக்கம் கீறல்கூட இல்லை. ஓடுவதே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். விலையும் எங்கள் கைக்கு எட்டுகிற விலை. செத்துப்போன பழைய என்ஜினை இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு அதிலும் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். அத்தான் முகத்தைச் சுளித்து, இது ரொம்ப சமத்தாக இருக்கிறது என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது சரிதான், ஆனால் காது கிழியக் கத்தும் இரும்புக்குமா?

கடைசியாகப் போன யார்டில், ஓரமாகத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஒன்றைக் கிளப்பினார்கள். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக் டொக். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்த யார்டுக்காரர் விலையைச் சற்று உயர்த்தியே சொன்னார். அத்தான் பேரமே பேசவில்லை. மெக்கானிக்கம்மா வரட்டும் என்று நான்தான் பிடிவாதமாக நிறுத்தி வைத்தேன்.

அவள் வந்தாள். நீளமான ஒரு ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, ஓடுகிற என்ஜினில் அதன் முனையை வைத்து, கைப்பிடியைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டாள். காது போனபின் அவள் கேட்பது அப்படித்தான். இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்த்துவிட்டு என்ஜினை நிறுத்தச் சொன்னாள்.

"இது வேணாம்ணே. உள்ள பேரிங் போயிடுச்சு."

அத்தான், எவ்வளவு நாள் ஓடும் என்று கேட்டார்.

"அடுத்த பாலம் வரைக்கும் ஓடும்."

"பரவால்ல. ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, அவளால் முடிந்த அளவு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணே, உங்க பழைய வண்டியில வந்தது சத்தம் இல்ல, நோவு. இத்தனை வருஷமா அது வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்திருக்கு. நீங்க பாட்டுன்னு நினைச்சுக்கிட்டீங்க."

அத்தான் அசையவில்லை. இதையே வாங்குவோம் என்று முனகினார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இது நின்றுபோனால் இன்னொன்று, அதுவும் நின்றால் மற்றொன்று, இப்படி நோயாளி என்ஜினாகத் தேடிக்கொண்டே அலைவீர்களா என்று கேட்டேன். கேட்ட வேகத்தில் வாயில் வரக் கூடாததும் வந்துவிட்டது.

"உங்களுக்கப்புறம் யாரு அத்தான் டொக் டொக்னு வந்து அந்த கேட் முன்னாடி நிப்பா?"

அத்தான் அந்த என்ஜின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல. பிறகு, "சரி மாப்ள, அந்தச் சமத்தையே எடுத்துக்கலாம்" என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

பட்டறையில் அந்த என்ஜினைப் பொருத்தும்போது கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தார். எதையாவது கொஞ்சம் தளர்த்திவிட்டு, அந்தத் தட்டுச் சத்தம் மட்டும் வரும்படி செய்ய முடியுமா என்று கேட்டார். நல்லா இருக்கிற உடம்புக்கு நோவு வைக்கச் சொல்கிறீர்களா என்று மெக்கானிக்கம்மா அதட்டினாள். இதையே கேட்கட்டும், பெண்ணுக்குப் பழகிவிடும் என்றாள். அவளுக்குப் பழகாதும்மா என்று அத்தான் சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான்.

புது என்ஜினோடு வந்த முதல் சாயங்காலம் நானும் வண்டியில் இருந்தேன். தெருவே திரும்பிப் பார்க்கவில்லை. பாப்பா முக்காலியில் இருந்தாள். வண்டி அவளுக்கு நேர் எதிரில் வந்து நின்றது. அதே வெள்ளை வேன், அதே நசுங்கிய மூக்கு. அவள் அதையும் தாண்டித் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் வராதவரை அவளுக்கு வண்டி வரவில்லை.

அத்தான் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, கதவுத் தகரத்தை உள்ளங்கையால் தட்டினார். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக் டொக். பாப்பா தலையைத் திருப்பினாள். அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மறுபடியும் தெருமுனையைப் பார்த்தாள்.

மாடிப்படி வழியாக வரச் சொன்னேன். அத்தான் மறுத்துவிட்டார். "வண்டி வந்தாச்சு மாப்ள. இனி அவதான் திறக்கணும்" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டே கேட்டுக்கு மேலாகத் தட்டை நீட்டினாள். அவர் தெருவில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தே சாப்பிட்டார். பாப்பா தூங்கப் போன பிறகுதான் படியேறி உள்ளே வந்தார்.

இது தினசரி நிகழ்ச்சியாகிவிட்டது. வருவார், நிற்பார், தட்டுவார். என்ஜினை மாற்றினீர்களா, இல்லை டிரைவரே என்ஜினாகிவிட்டாரா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். சண்டைக்குப் போகலாம் என்று நான் சட்டைக் கையை மடித்தேன். அத்தானோ அவரோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் ஒன்று. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் தட்டில் கை வைத்தால், இந்தப் பக்கம் பாப்பாவும் மெல்ல ஒரு வாய் எடுத்து வைத்தாள். பிறகு இரண்டு வாய். எங்களிடம் சொன்னால் கண்பட்டுவிடும் என்று அக்கா அதை வெளியே சொல்லவே இல்லை. தாழ்ப்பாள் மட்டும் அசையவில்லை.

பிறகு ஒருநாள் சலவைக்கூடத்தின் இரும்புக் கதவு அத்தானின் விரல்களை நசுக்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தட்டும் அதே கை. மணிக்கட்டு வரை கட்டு. மூட்டை இறக்கித் தர நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போயிருந்தேன். திரும்பும் வழியில் அவர் என்னைத் தெருவுக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்ளச் சொன்னார். வண்டிக்கு முன்னால் ஓடிப்போய் கேட்டருகில் நின்றுகொள், வந்ததும் எனக்குப் பதிலாக நீ தட்டு என்றார். முதலில் பெரியது ஒன்று, மூச்சு விட்டு, சின்னது இரண்டு என்று எனக்குப் பாடம் வேறு. இந்த வயதில் என்னென்ன வேலையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று புலம்பிக்கொண்டே இறங்கித் தெருமுனையைத் திரும்பினேன்.

கேட் திறந்திருந்தது.

இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தது. பாப்பா சுவரோடு ஒட்டி, தன் இடத்தில் நின்றிருந்தாள். வண்டி எனக்குப் பின்னால் இன்னும் முனையைத் திரும்பவே இல்லை. அந்த என்ஜினின் சத்தம், பத்தடி தூரத்தில் இருக்கிற என் காதுக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

வேன் திரும்பியது. அத்தான் பார்த்துவிட்டார். நடுத்தெருவில் அப்படியே நிறுத்திவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கட்டுப்போட்ட கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் பெரிய வீரனில்லை. லென்ஸ் தேய்க்கிறவனுக்குக் கண் மங்கியது.

பாப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். வண்டி உள்ளே வருகிற வழியாக இல்லை. சுவரை விட்டு நகர்ந்து, என்றைக்கும் இல்லாமல் தெருவுக்கே வந்தாள். டிரைவர் கதவருகில் நின்று, அப்பாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையை விரித்து, கதவுத் தகரத்தில் தட்டினாள்.

டொக்.

மூச்சு விட்டாள்.

டொக் டொக்.

நாங்கள் ஊரெல்லாம் அலைந்தும் கிடைக்காதது அவள் கையில் இருந்தது. தட்டிவிட்டுத் திரும்பி நடந்துபோய்ச் சுவரோரம் தன் இடத்தில் நின்றுகொண்டாள். வேன் சத்தமே இல்லாமல் ஊர்ந்து உள்ளே போனது. அவள் ஒரு கதவைச் சாத்தினாள், மற்றொரு கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். "ஏ வாட்ச்மேன், மாமா இங்க இருக்கேன்" என்றேன். கதவையும் தட்டிப் பார்த்தேன், பெரிதாக ஒன்று, சின்னதாக இரண்டு, பாடம் படித்தபடியே. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே அக்கா இரண்டு தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாடிப்படியைப் பார்த்து நடந்தேன். அவள் வேலை முடிந்துவிட்டது. அப்பா வந்தாயிற்று.